வடக்குப் பக்கம்

பதினான்கு வருடம் மேற்கே மூக்கை நீட்டி
ஒரே சுவரை முறைத்துக்கொண்டு நின்ற வண்டி.
காலாமாவில் வெயில் வடக்கிலிருந்து விழும்.
அதனால் ஓட்டுகிறவள் பக்கம் இன்னும் முக்கால் கறுப்பு,
துணைக்கு உட்காருகிறவர் பக்கம்
சாம்பல்.
பம்பர் முனை, சக்கர வளைவு, கதவடிப் பட்டை,
பக்கக் கண்ணாடியின் கூடு,
எல்லாம் சிகரெட் அணைத்த தட்டின் நிறம்.

செப்புச் சுரங்கத்தில் எனக்கு இரவுச் சமையல்.
ஆயிரத்து இருநூறு பேருக்கு பீன்ஸ்.
பகலெல்லாம் ஜன்னலில் கம்பளியை ஆணியடித்துத் தூங்கினேன்.
எனக்கு வரவேண்டிய வெயிலையும்
வண்டிதான் வாங்கிக்கொண்டது.
இதை விளம்பரத்தில் எப்படி எழுதுவது?
‘ஒரே கை ஓட்டியது, நல்ல நிலை’ என்று எழுதினேன்.
படத்தை இடப்பக்கம் நின்று எடுத்தேன்.

எதிர்வீட்டு விளாதிமிர் சூட்டுக்காற்றுத் துப்பாக்கியைக் கொடுத்து
“ஓரிடத்தில் நிற்காதே எதுவினா,
கடன்காரனைக் கண்டவள் மாதிரி நகர்ந்துகொண்டே இரு” என்றான்.
இடப்பக்கம் உடனே விழித்தது.
வெளுத்த கோடுகள் ஒவ்வொன்றாய் உள்ளே போக
நனைந்த கரிபோல் ஒரு கறுப்பு வந்தது.
சந்தோஷத்தில் ஒரு நொடி நின்றுவிட்டேன்.
பம்பர் மூலையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பளபளப்பு.
அது இனிப் போகாது.

வலப்பக்கம் விழிக்கவில்லை.
உள்ளே ஏதாவது மிச்சமிருந்தால்தானே
சூட்டுக்கு மேலே வரும்.
ஆளிவிதை எண்ணெயைப் பழைய காலுறையில் தோய்த்துத் தேய்த்தேன்.
குடித்தது. இன்னும் கேட்டது.
மூன்றாம் தடவை கறுத்தது.
“மழை பட்டால் வழிந்துவிடும்” என்றான் விளாதிமிர்.
இருவரும் அண்ணாந்து பார்த்தோம்.
சிரித்துவிட்டோம்.
இந்த ஊரில் சாயம் வெளுக்க
மழைக்கு எங்கே போவது.
பொய்க்கு இதைவிடப் பத்திரமான இடம் கிடையாது.

பின்சக்கர வளைவு மட்டும்
விரல் பட்டதும் பிஸ்கட்டாய் உடைந்தது.
காயலான் கடையில் ஒன்று கிடைத்தது, ஒன்பதாயிரம் பெசோ.
மாட்டிய பிறகுதான் தப்பு தெரிந்தது:
அவ்வளவு கறுப்பு அது.
பக்கத்தில் என் எண்ணெய்க் கறுப்பு
மை அடித்த மீசை மாதிரி நின்றது.

வியாழன் இரவு எலியேசர் பைனெமாலின் குரல் பதிவு:
“ஞாயிறு காலை பஸ்ஸில் வந்து இறங்குவேன்.
பிடித்திருந்தால் வால்டிவியாவுக்கு வண்டியிலேயே திரும்புவேன்.
இங்கே பத்தொன்பது நாளாய் விடாத மழை,
இரைச்சலுக்கு மன்னியுங்கள்.”
இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் தெற்கே
ஒரு தகரக் கூரை,
அதன் மேல் பெய்வது என் உள்ளங்கைக்குள் கேட்டது.
திரும்பப் போட்டுக் கேட்டேன்.
அவர் பேசுவதை விட்டுவிட்டு.

கையில் குடையோடு வந்தார்.
காலாமாவில், ஞாயிற்றுக்கிழமை, குடை.
தெருவில் பந்தாடிய பிள்ளைகள்கூட நின்று பார்த்தார்கள்.
பானெட்டைத் திறக்குமுன் சொல்லிவிட்டேன்:
“இந்தப் பக்கம் வெறும் எண்ணெய்.
உங்கள் ஊரில் ஒரு மாதம் தாங்காது.”
விரலால் தொட்டார், முகர்ந்தார்.
“எங்கள் ஊரில் இது சாம்பலாகாது அம்மா,
பச்சையாகும்.
ஜன்னல் ரப்பரில் பாசி பிடிக்கும்.
பல் துலக்கும் பிரஷால் சுரண்டி எடுப்போம்.”
அப்புறம் சிரித்துக்கொண்டே
எண்பதாயிரம் குறைக்கச் சொன்னார்.
நாற்பது என்றேன். அறுபதில் முடிந்தது.
உண்மைக்கு விலை இருக்கிறது,
விளாதிமிர் கணக்குப்படி கொஞ்சம் அதிகம்.

குடையைப் பின்சீட்டில் போட்டுவிட்டுப் போனார்.
சுவருக்கு முன்னால் வண்டி நீளத்துக்கு
ஒரு வெற்றிடம், நடுவில் எண்ணெய்க் கறை.
உடைந்த வளைவின் பெரிய துண்டு அங்கேயே கிடந்தது.
புரட்டினேன்.
உள்பக்கம் கறுப்பு,
அச்சடித்த எண்கூட அழியாமல்,
நேற்று செய்தது மாதிரி.

கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன்.
பிறகு சுவரோரம் சாய்த்து வைத்தேன்,
உள்பக்கம் வடக்கே பார்க்க.